கடவுளோடு ஒப்புரவாக நடுவில் ஒரு ஃபாதர் எதற்கு?

வேதவாசகன்:
தவக்காலம் வந்தால் எங்கள் தெருக் கத்தோலிக்க நண்பர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, வரிசையில் நிற்கிறார்கள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்: எதற்கு? நாம் சத்துருக்களாயிருந்தபோதே குமாரனின் மரணத்தினால் ஒப்புரவாக்கப்பட்டோம் என்கிறது ரோமர் 5:10. முடிந்த காரியம். வீட்டில் முழங்கால் போட்டு அறிக்கை செய்தால் போதாதா? வருடாந்தரக் கட்டாயமே 1215-இல் லாத்தரன் சங்கம் என்கிற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை போட்ட சட்டம்தானே!

முத்துக்குளி:
வருடத்துக்கு ஒருமுறையாவது என்பதுதான் 1215. பாவ அறிக்கை அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 390-இல் தெசலோனிக்காவில் படுகொலை நடந்ததற்குப் பேரரசர் தியோடோசியுஸே தவம் செய்யவேண்டி வந்தது. மிலான் ஆயர் அம்புரோஸ் விடவில்லை. அப்புறம், ஃபாதர் சொல்லும் மன்னிப்பு மன்றாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? தந்தை தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றுதான் ஆரம்பிக்கும். உங்கள் ரோமர் அங்கேயே இருக்கிறது.

வேதவாசகன்:
கடைசியில் ‘நான் மன்னிக்கிறேன்’ என்கிறாரே, அது? மத்தியஸ்தர் ஒருவரே. 1 தீமோத்தேயு 2:5.

முத்துக்குளி:
எவர்களுடைய பாவங்களை நீங்கள் மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று இயேசு சீடர்களிடம் சொன்ன யோவான் 20:23-ஐ எங்கே வைப்பீர்கள்? மார்ட்டின் லூத்தர் வழி வந்த லூத்தரன்களே 1530-இல் அவுக்ஸ்புர்க் அறிக்கை என்கிற தங்கள் விசுவாச அறிக்கையில், தனியாகப் பாவமன்னிப்பு பெறும் வழக்கத்தை விடக்கூடாது என்றுதான் எழுதினார்கள்.

கடைசிபெஞ்ச்:
மன்னிப்பை யார் அறிவிப்பது என்றே சண்டை போடுகிறீர்கள். எங்கள் ஊரில் சீட்டு பிடித்து ஏமாற்றியவர் ஒருவர், கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று மைக் பிடித்து சாட்சி சொன்னார். பணம் போட்ட அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5:24 யாருக்கு எழுதியது?

முத்துக்குளி:
பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கேட்பார்கள். திருடியதைத் திருப்பிக் கொடுப்பது கடமை.

கடைசிபெஞ்ச்:
கேட்பார்கள், சரி. கொடுத்தாரா என்று யார் பார்ப்பது? அங்கே கேட்டதை ஃபாதர் வெளியே சொல்லவும் முடியாது.

வேதவாசகன்:
திருப்பிக் கொடுப்பது மனந்திரும்புதலின் கனி. அதையே நிபந்தனை ஆக்கினால் கிருபை வியாபாரமாகிவிடும். இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? அன்றே பரதீசு கிடைக்கவில்லையா?

கடைசிபெஞ்ச்:
அவன் சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தான், ஐயா. இவருக்கு மாடி வீடு இருக்கிறது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வரி வசூலித்த சகேயு சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு.

வேதவாசகன்:
இயேசு அவன் வீட்டுக்குள் போனது அதற்கு முன்பே. லூக்கா 19:5-இலிருந்து வாசியுங்கள்.