அம்மாவின் முள்ளந்தண்டு எலும்பு நல்லமாம், இடுப்பு மூட்டில் மோசமாம். எதை நம்புவது?

புதுக்குடியிருப்பு மகள்:
அம்மாவுக்கு 68 வயது, கனகாலமாக நாரி நோ. வயலும் கிணறுமாகத் திரிந்த மனுசி, இப்போது அரை வாளி தண்ணீர் தூக்கவே கட்டைப் பிடிக்கிறா. முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் கீழ் டிஸ்க்குகள் தேய்ந்துவிட்டன என்று எம்ஆர்ஐ பார்த்துச் சொன்னார்கள். அப்புறம் எலும்பின் அடர்த்தி பார்க்க எடுத்த டெக்ஸா ஸ்கானில் முள்ளந்தண்டின் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிடும் எண், குறையக் குறைய எலும்பு பலவீனம்) -0.7, இடுப்பு மூட்டோடு சேரும் தொடை எலும்பின் கழுத்தில் -2.7. டொக்டர் கிழமைக்கு ஒன்றாக எலும்பைப் பலப்படுத்தும் அலெண்ட்ரோனேட் குளிசை தந்தார். நாரியில் எலும்பு நல்லம்தானே, எனக்கு எதற்கு என்று அம்மா குடிக்கிறாவில்லை.

மாங்குளத்தான்:
தங்கச்சி, எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன், வயதானவர்களில் இதை அடிக்கடி காண்கிறேன். டிஸ்க் தேய்ந்த இடத்தில் முள்ளெலும்பின் ஓரங்களில் கொக்கி மாதிரிப் புது எலும்பு முளைக்கும், டிஸ்க்கை ஒட்டிய பக்கமும் இறுகித் தடிக்கும். டெக்ஸா கதிர் உடம்பை ஊடறுத்துப் போகும்போது அகப்படும் கல்சியம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடும், அதனால் எண் உயரும், உள்ளே எலும்பு பலவீனமாகவே இருக்கும். -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை (எலும்பு ஐதாகி இலகுவில் முறியும் நோய்), அதிலும் எந்த இடத்தில் குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தனித்தனி எண் இருக்கும், பாருங்கள்.

கிளிநொச்சி அக்கா:
என் அம்மாவுக்கும் டிஸ்க் தேய்வு என்றே இரண்டு வருடம் மருந்து கொடுத்தார்கள். சேலைக் கரை நிலத்தில் இழுபட்டது, ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்று நான் ஏசினேன். மனுசி உயரம் குறைந்துகொண்டு வந்திருக்கிறா! பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது தெரிந்தது. அம்மாவின் உயரத்தை இன்றைக்கே அளந்து பாருங்கள்.

புதுக்குடியிருப்பு மகள்:
பார்த்தேன் அண்ணா. நாரி முள்ளெலும்புகளில் மேலிருந்து கீழாக எல்1 -1.9, எல்2 -1.4, எல்3 -0.3, எல்4 0.9. அடையாள அட்டைக்காக அளந்த உயரம் எங்கேயோ எழுதிக் கிடக்கிறது, தேடுகிறேன் அக்கா. குளிசை குடித்தால் நாரி நோ போகுமா என்று அம்மா கேட்கிறா.

மாங்குளத்தான்:
கீழே போகப் போக எண் ஏறுகிறது பாருங்கள், அது தேய்வின் வேலை. பக்கத்து எலும்பைவிட 1க்கு மேல் வித்தியாசப்பட்டால் அதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது, டொக்டரிடம் காட்டுங்கள். டிஸ்க் நோவைக் குளிசை மாற்றாது, அதை அம்மாவிடம் நேராகவே சொல்லுங்கள். விழுந்தால் இடுப்பு முறியாமல் இருக்கத்தான் அது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், தேநீர் பிறகு. அரை மணித்தியாலம் படுக்க விட வேண்டாம், தொண்டைக்குக் கீழே எரிந்துவிடும்.