போட்டோஸ்கிரீனர்: அங்கன்வாடியில் ரீடிங் வரமாட்டேன் என்கிறது

விழுப்புரம் பக்கம் அங்கன்வாடிகளில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்கிறோம். கையில் பிடித்து, 1 மீட்டர் தள்ளி நின்று, அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் போட்டோஸ்கிரீனர். ஜூனில் ஆரம்பித்ததிலிருந்து பாதிப் பேருக்கு ரீடிங்கே இல்லை. 'கண்பாவை மிகச் சிறியது' என்று காட்டி நின்றுவிடுகிறது. எங்கள் கருவிக்குப் பாவை 3 மி.மீ. ஆவது விரிந்திருக்க வேண்டும்.

அலுவலக அறையில் பெரியவர்களுக்குச் சட்டென்று வருகிறது. அதனால் கருவிக் கோளாறாகத் தெரியவில்லை. அங்கன்வாடியில் இருப்பது ஒரே அறை, கதவைச் சாத்தினாலும் ஜன்னல் வழியே வெயில், அந்த வெளிச்சத்தில் பாவை சுருங்கிவிடுகிறது. லென்ஸைத் துடைத்தாயிற்று, டேப் வைத்துத் தூரம் அளந்தாயிற்று, குண்டு பல்பையும் அணைத்தாயிற்று (அதிலிருந்தும் அகச்சிவப்பு வரும்). ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு ரீடிங் வருகிறது. சின்னதுகள் இருட்டைக் கண்டதும் அழ ஆரம்பித்துக் கண்ணை இறுக மூடிக்கொள்கின்றன. மாலையில் போனால் மையம் பூட்டியிருக்கும். பாவையை விரிக்கும் கண் சொட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், முகாமில் அதற்கு அனுமதி இல்லை.

3 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பயப்படாமல், இப்படிப்பட்ட ஒற்றை அறையில் வெளிச்சத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?