பதிவில் எல்லாக் குரல்களும் நடுவில் ஒட்டிக்கொள்கின்றன: மைக்கை எங்கே வைப்பது?

கேள்வி:
வணக்கம். எட்டுப் பேர் லேசான வளைவில் நின்று பாடும் சேர்ந்திசைக் குழுவை, பின்னால் ஒரு பியானோவுடன், நிகழ்ச்சியின்போதே பதிவு செய்தேன். இரண்டு கார்டியாய்டு மைக்குகளை (முன்பக்க ஒலியையே முக்கியமாகப் பிடிப்பவை) ஓஆர்டிஎஃப் என்ற ஸ்டீரியோ பதிவு முறைப்படி 17 செ.மீ. இடைவெளியிலும் 110 பாகைக் கோணத்திலும் ஒரே ஸ்டாண்டில் பொருத்தி, குழுவிலிருந்து 7 மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். அதே இடத்தில் உட்கார்ந்து கேட்டபோது ஒவ்வொரு குரலையும் பிரித்தறிய முடிந்தது. பதிவிலோ எட்டுக் குரல்களும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒரே கொத்தாகி எதிரொலியில் மூழ்கிக் கிடக்கின்றன. எல்லாத் திசை ஒலியையும் ஒரே அளவில் பிடிக்கும் ஓம்னி மைக்குகளுக்கு மாறினால் சரியாகுமா?

மறுமொழி 1:
குழு ஓரத்துக்கு ஓரம் எத்தனை மீட்டர்?

கேட்டவர்:
ஏறத்தாழ 5 மீட்டர்.

மறுமொழி 1:
அப்படியானால் கோளாறு மைக்கில் இல்லை, தொலைவில்தான். 7 மீட்டரிலிருந்து பார்த்தால் உங்கள் குழு 40 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஓஆர்டிஎஃப் அமைப்பிலோ, ஏறத்தாழ 96 பாகைக்குப் பரவி நிற்கும் குழுதான் ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றொன்று வரை முழுமையாக விரிந்து கேட்கும். ஸ்டாண்டை 2.5 மீட்டருக்குக் கொண்டுவந்தால் குழு 90 பாகையை நிரப்பும். நேரடி ஒலி வலுப்பதால் எதிரொலியும் தானாகப் பின்வாங்கும். அரங்கில் நமக்கு வேண்டிய குரலைக் காது தேடிப் பிடித்துக்கொள்கிறது, மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது; ஆகவே, கேட்க இனிமையான இருக்கை பதிவுக்கும் ஏற்ற இடம் என்று நம்பிவிடாதீர்கள்.

அதே 7 மீட்டரில் ஓம்னி வைத்தால் நிலைமை மோசமாகும். எதிரொலியின் பங்கு சமமாக இருக்க வேண்டுமானால், ஓம்னியைவிடக் கார்டியாய்டை 1.7 மடங்கு தள்ளி வைக்கலாம் என்பது கணக்கு. உங்கள் இடத்தில் ஓம்னி, 12 மீட்டரில் நிற்கும் கார்டியாய்டைப் போலத்தான் கேட்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. உயரத்தையும் கவனியுங்கள்: இவ்வளவு அருகில் வந்தபின் மைக் தலைமட்டத்தில் இருந்தால் நடுவில் நிற்பவர்களே ஓங்கிக் கேட்பார்கள். ஸ்டாண்டை 3 மீட்டர் வரை உயர்த்தி, மைக்குகளைப் பாடகர்களின் முகத்தை நோக்கிச் சாய்த்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள தொலைவு வேறுபாடு குறையும். அவ்வளவு உயர்ந்த ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாமல் பார்வையாளர்களை உள்ளே விட வேண்டாம்.

கேட்டவர்:
நேற்றைய ஒத்திகையில் 2.5 மீட்டரில், 3 மீட்டர் உயரத்தில் வைத்துப் பார்த்தேன். இடக்கோடியில் நிற்பவர் மூச்சை இழுப்பதும், வலக்கோடியில் ஒருவர் தாள் புரட்டுவதும் அந்தந்தப் பக்கத்திலேயே துல்லியமாகக் கேட்கின்றன. மிக்க நன்றி. பியானோ மட்டும் இப்போது சற்றுத் தொலைவாகக் கேட்கிறது.

மறுமொழி 2:
அது பின்வரிசையில் இருப்பதால் இயல்புதான். முதலில் பியானோ மூடியை இன்னும் உயர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் அதற்கென்று ஒரு மைக்கை அருகில் வைத்து, ஸ்டீரியோவில் பியானோ கேட்கும் அதே திசைக்கு அதன் ஒலியைத் திருப்பி, மிகக் குறைந்த அளவில் கலக்குங்கள். அந்த மைக்கைத் தனியாக அடையாளம் காண முடிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.