கிலுகிலுப்பைச் செடியும் ஒரு 400 ரோலும்

பட்டாம்பூச்சியைப் படமெடுப்பது என்றால் ஸ்லைடு ஃபிலிம்தான் (நிறங்கள் நேராகவே தெரியும் ஃபிலிம்) என்று ஒரு காலத்தில் எல்லாரும் சொல்வார்கள். வெல்வியா என்ற ஸ்லைடு ஃபிலிமில் வரும் பச்சையும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும், மறுக்கவே முடியாது. ஆனால் நான் பெரும்பாலும் படம் எடுப்பது மேட்டுப்பாளையம் தாண்டி, நீலகிரி அடிவாரத்தில், கல்லாறு பக்கம். அங்கே எனக்கு அதிகம் அகப்படுபவை கரும்பழுப்பு இறக்கையில் வெளிர் புள்ளிகள் உள்ள வகைகள்: வெண்புள்ளிக் கருப்பன், ப்ளூ டைகர், அவற்றின் சொந்தபந்தங்கள். வெயிலில் அந்தக் கருமையையும் வெண்மையையும் சேர்த்துப் பிடிக்க ஸ்லைடு திணறும். இறக்கை கரியாகிவிடும், இல்லையென்றால் புள்ளிகள் வெளுத்துப்போகும். நிறங்கள் தலைகீழாகப் பதியும் கலர் நெகட்டிவ் ஃபிலிம் இரண்டையும் காப்பாற்றித் தரும். அதனால்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வகைகள் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்குக் கூட்டமாக நகரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் திரும்பி வரும். போன அக்டோபரில் அப்படித் திரும்பி வந்த ஒரு கூட்டத்தைப் பாதையோரக் கிலுகிலுப்பைப் புதரில் பார்த்தேன். பூவைத் தேடி வந்தவை அல்ல. வாடிய இலையையும் காய்ந்த தண்டையும் காலால் பிராண்டி, கசிவதை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அந்தச் செடியிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்தான் காரணம். ஆண்கள் அதை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன, எதிரிகளுக்குக் கசப்பாகவும் ஆகின்றன. தேள்கொடுக்குச் செடியிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். உறிஞ்சும் மும்முரத்தில் லேசில் பறக்காது. என் நிழல் மேலே விழாமல், மெதுவாகக் குனிந்து போனாலே போதும். ஃபிலிமில் எடுப்பவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்!

கேமராவில் இருந்தது போர்ட்ரா 400 என்ற கலர் நெகட்டிவ் (400 என்பது அதன் ஒளியுணர்திறன் எண்), லென்ஸ் நெருக்கத்தில் எடுக்க உதவும் 105 மி.மீ. மேக்ரோ. இந்த அளவுப் பட்டாம்பூச்சிக்கு 1:1 வரை, அதாவது ஃபிலிமில் நிஜ அளவிலேயே விழும் வரை, போகத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே ஃப்ரேம் நிறைந்துவிடும். லென்ஸ் துவாரத்தை எஃப்/11-இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 8 மி.மீ. இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது கேமராவின் பின்பக்கத்தை இறக்கைக்கு இணையாகப் பிடித்தால் கண், உறிஞ்சுகுழல், இறக்கை ஓரம் எல்லாமே அதற்குள் அடங்கும்.

வெளிச்சத்தை நான் பட்டாம்பூச்சியில் அளப்பதில்லை. அதே வெயில் படும் பச்சைப் புல்லில் அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டிவிடுவேன், அதாவது 400 ஃபிலிமை 200 ஆக வைத்துக்கொள்வேன். முழு வெயிலில் எஃப்/11, ஷட்டர் 1/250 நொடி என்று வரும். நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் தாங்காது. குறைந்தால் இறக்கையின் பழுப்பில் விவரம் பதியவே பதியாது, பிறகு ஸ்கேனில் எவ்வளவு இழுத்தாலும் மண் நிறத்தில் குருணைதான் எழும்பும். ஒரு ஸ்டாப் கூடுதல் என்பது கருப்பனுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன்.

அன்றைக்குக் கிடைத்த பெரிய பரிசு வேறு. ஒரு ஆண் கருப்பன் புதருக்கு மேலே மிதப்பதுபோல மெல்லப் பறந்தது, வயிற்று நுனியில் மஞ்சள் நிறத்தில் இரண்டு குஞ்சங்கள் விரிந்திருந்தன. வாசனையைப் பரப்புவதற்கான தூரிகைகள் அவை. படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பறப்பதைக் குவிப்பது கடினம் என்பதால், அது சுற்றிச் சுற்றி வந்த ஒரு காம்புக்கு முன்கூட்டியே குவித்துவிட்டுக் காத்திருந்தேன். ரோலில் மிச்சமிருந்த ஃப்ரேம்கள் அதற்கே போயின. ஒன்றில் குஞ்சங்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன, இறக்கை நுனி மட்டும் அசைவில் கலங்கியிருக்கிறது. எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

அப்புறம் லேப் விஷயம். சி-41 (கலர் நெகட்டிவைக் கழுவும் முறை) கழுவும் இடங்கள் அருகிவிட்டதால் ரோலை வெளியூருக்குக் கூரியரில்தான் அனுப்புகிறேன். கழுவுவதில் குறையே இல்லை, சிக்கல் பிரிண்டிலும் ஸ்கேனிலும் வருகிறது. ஃப்ரேம் முழுக்கக் கருமையாக இருந்தால் தானியங்கி எந்திரம் அதை நடுத்தர வெளிச்சத்துக்குத் தூக்கிவிடும். கருப்பன் சாம்பல் பூசியதுபோல வரும், புள்ளிகளும் வெளிறிவிடும். அதைப் பார்த்து, படம் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இறக்கை விழுந்த மெலிந்த பகுதியைப் பாருங்கள். அங்கே நரம்புகள் தெரிந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், டார்க்காகவே விடுங்கள்’ என்று ஒரு துண்டுச்சீட்டு வைத்து அனுப்பினால் சரியாகிவிடும்.

நிழலில் இருப்பவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. மூன்று ஸ்டாப் குறைந்தால் ஷட்டர் 1/30-க்கு இறங்கிவிடும், ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது. எனக்கு அடுத்த ஆசை தமிழ் மறவன், 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அதேதான். அதன் ஆரஞ்சை எக்டார் 100 என்ற கலர் நெகட்டிவ் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் காட்டுமோ என்று தயக்கமாக இருக்கிறது. நெகட்டிவில் அதை எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஃபிலிம், எத்தனை ஸ்டாப் கூட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.