சுள்ளுனு அடிக்கறத "சரி பண்ணிட்டு" போன எலக்ட்ரீசியன்: உங்க வீட்ல நடந்தது என்ன?

பாப்புலியூர் பையன்

நாலு மாசம் ஆச்சு, இன்னும் மனச விட்டுப் போகல. அதான் எழுதறேன்.

ஃப்ரிட்ஜ தொட்டா சுள்ளுனு இருக்குன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பழைய ஃப்ரிட்ஜ், இரும்புக் கைப்பிடி. எங்க தெருமுனைல ஒருத்தர், அப்பா காலத்துலேருந்து நம்ம வீட்டு வேலை எல்லாம் அவர்தான். வந்தாரு, பிளக் பாக்ஸ திறந்தாரு, பத்தே நிமிஷம். நூத்தம்பது ரூபா. சுள்ளு நின்னு போச்சு. அம்மா காபி எல்லாம் போட்டுக் குடுத்தாங்க.

அப்புறம் ஐப்பசி மழையில ஒரு சாயங்காலம் ஃபேன் நின்னுச்சு. கரண்ட் போச்சுன்னு நெனச்சோம். எதிர் வீட்ல லைட் எரியுது, அதக்கூட யோசிக்கல. பால எடுத்துக் காய்ச்சி வெச்சுடலாம்னு அம்மா போனாங்க. ஈரக் கை, வெறுங்கால். சத்தமே இல்ல. கைப்பிடியப் பிடிச்சபடியே நிக்கறாங்க. வாய் திறந்திருக்கு, தோள் மட்டும் வெடவெடன்னு ஆடுது. எனக்கு விளங்கவே ரெண்டு செகண்ட் ஆச்சு. பக்கத்துல இருந்த பிளாஸ்டிக் சேரால தள்ளினேன். அவங்க கீழ விழுந்ததுதான் நான் கேட்ட முதல் சத்தம்.

மறுநாள் மஞ்சக்குப்பத்துலேருந்து லைசென்ஸ் இருக்கற ஒயர்மேன் ஒருத்தர் வந்தாரு. மெயின ஆஃப் பண்ணிட்டு அதே பிளக் பாக்ஸ கழட்டினாரு. உள்ள சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர். கரண்ட் திரும்பிப் போற நியூட்ரலுக்கும், மண்ணுக்குள்ள இறங்க வேண்டிய எர்த்துக்கும் நடுவுல முறுக்கி வெச்சிருக்கு. "உங்க வீட்டுக்கு எர்த்தே இல்ல தம்பி. நியூட்ரலையே எர்த்தாக்கி வெச்சிருக்காங்க. மழையில கம்பத்துலேருந்து வர்ற சர்வீஸ் ஒயர்ல நியூட்ரல் விட்டுப் போச்சு. பேஸ்ல வர்ற கரண்ட், லைட்டு, ஃபேன் வழியா சுத்திக்கிட்டு இந்தத் துண்டு வழியா ஃப்ரிட்ஜ் பாடிக்கு வந்துடுச்சு"ன்னாரு. 230 வோல்ட். பியூஸ் போகல, ஒண்ணும் போகல. கரண்ட் இல்லைன்னு நாங்க நெனச்ச நேரத்துல கரண்ட் ஃப்ரிட்ஜ் மேலதான் இருந்திருக்கு.

அந்தக் கறுப்புத் துண்ட இன்னும் தூக்கிப் போடல.

லாஸ்பேட்டை வாசி

அம்மா தப்பிச்சது பெரிய விஷயம். ஆனா லைசென்ஸ் லைசென்ஸ்னு ரொம்ப நம்பாதீங்க. நாங்க பாண்டில வீடு கட்டினப்ப லைசென்ஸ் இருக்கற கான்ட்ராக்டர்தான் பிடிச்சோம். ஃப்ரேம் போட்ட சர்டிபிகேட் அவர் கடைச் சுவர்ல தொங்குது. எங்க வீட்டுக்கு அவர் வந்தது ரெண்டு தடவ: அட்வான்ஸ் வாங்க ஒரு தடவ, டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்து போட ஒரு தடவ. வேலை பாத்தது மீசை முளைக்காத ஒரு பையன். ஒயர பல்லாலதான் உரிப்பான். ஒரு நாள் மேல் மாடில ஏறிப் பாத்தா, ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள ரெண்டு ஒயர முறுக்கி மேல செல்லோடேப் ஒட்டிக்கிட்டு இருக்கான். இன்சுலேஷன் டேப் தீந்து போச்சாம்.

அந்தப் பையன திட்டவும் மனசு வரல. பாவம், அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

சைட் சூப்பர்வைசர்

முதல் பதிவுக்காரருக்கு: தப்பு பாதி உங்க பேர்லதான். நூத்தம்பது ரூபாய்க்கு எர்த் வருமா? நெல்லிக்குப்பத்துல எங்க மாமா வீட்லயும் இதே மாதிரி மோட்டார் ஷாக், கதை பெருசு, விடுங்க.

எல்லாரும் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, ஐடிஐ படிச்சா மட்டும் லைசென்ஸ் ஆயிடாது. தமிழ்நாட்டுல கிண்டில இருக்கற மின் உரிம வாரியம் குடுக்கற ஒயர்மேன் சான்று வேணும். அத வாங்கிப் பாருங்க, புதுப்பிச்ச தேதியயும் பாருங்க. கேட்டா கோவிச்சுக்கறவர வேண்டாம்னு அனுப்பிடுங்க. லாஸ்பேட்டைக்காரர் சொன்ன மாதிரி ஆகாம இருக்கணும்னா, சான்று யார் பேர்ல இருக்கோ அவரே கடைசி நாள் வந்து உங்க முன்னாடி மெக்கர்ங்கற மீட்டர் வெச்சு ஒயர் இன்சுலேஷன் பாக்கணும்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே பேசிடுங்க. டெஸ்டர் மட்டும் சட்டைப் பையில வெச்சிக்கிட்டு வர்றவரால பேஸ் வருதான்னுதான் சொல்ல முடியும், எர்த் நல்லா இருக்கான்னு சொல்ல முடியாது. ஒயர் அளவு லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம். ஒயர் காயில் அட்டைய தூக்கிப் போடாம வெச்சுக்கச் சொல்லுங்க, அளவு அதுலதான் போட்டிருக்கும். முக்கியமா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானே விழற சுவிட்ச். எம்சிபி (லோடு ஏறினா விழற சுவிட்ச்) இருக்கேன்னு நிறைய பேர் சொல்வாங்க, எம்சிபி காப்பாத்தறது ஒயர, ஆள இல்ல. ஆர்சிசிபில டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவ அமுக்குங்க, விழுதான்னு பாருங்க. கடலோரத்துல இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, உப்புக் காத்துல எர்த் பைப் கிளாம்ப் துருப்பிடிச்சு கையோட வந்துடும். வருஷம் ஒரு தடவ...

தேவனாம்பட்டினம்

அண்ணே, யாரும் கேக்கல இதெல்லாம் :) ஆனா கிளாம்ப் விஷயம் உண்மை, எங்க வீட்ல அப்படியே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. அதுக்காக பாப்புலியூர் பையன் பேர்ல பாதி தப்புன்னு சொல்றது நியாயமா? இருபது வருஷமா வீட்டுக்கு வர்ற ஆள்கிட்ட யாரு கார்டு கேப்பா?

என் கதை வேற. தானே புயல், 2011 டிசம்பர் 30. அப்புறம் எங்க தெருவுல நாள் கணக்கா இருட்டு. மாமா எங்கயோ அலைஞ்சு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்குக் கொண்டாந்துட்டாரு. வீட்டுக்கு எப்படிக் குடுக்கறது? ரெண்டு முனையிலயும் பிளக் டாப் மாட்டின ஒரு ஒயர். ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் ஹால் பிளக், முடிஞ்சுது. அத மாட்டித் தரச் சொல்லித்தான் கடலூர் முதுநகர் ஒயர்மேன கூப்பிட்டோம். அவர் ஒயரப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. கட்டிங் பிளேயர எடுத்து ஒரு பக்க பிளக் டாப்ப நறுக்குனு வெட்டிக் கையில குடுத்துட்டாரு. மாமா கத்தின கத்து தெருவுக்கே கேட்டுச்சு. "ஜெனரேட்டர் கரண்ட் வீட்டு மெயின் வழியா வெளிய போய் டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறினா 11,000 வோல்ட் ஆயிடும்யா, லைன்ல ஆள் நிக்கறான்"னு மட்டும் சொல்லிட்டு, காசு வாங்காமப் போயிட்டாரு. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைனோ ஜெனரேட்டரோ, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் வீட்டோட சேக்கறது) வாங்கி வெச்சா வர்றேன்னாரு, கடையே திறக்கல அப்போ.

நானும் திட்டினேன் அவர. மறுநாள் காலைல தண்ணி பிடிக்கப் போனா, எங்க தெருக் கம்பத்து மேல மதுரைப் பக்கத்துலேருந்து வந்த லைன்மேன் ஒருத்தர். கையுறைகூட இல்ல, ஒயர வெறுங்கையாலதான் இழுத்துக்கிட்டு இருந்தாரு. கீழ நின்ன என்னப் பாத்து, "டீக்கடை எதாச்சும் திறந்திருக்கா தம்பி"ன்னு கேட்டாரு.

லாஸ்பேட்டை வாசி

படிக்கும்போதே கை நடுங்குது. அந்த முதுநகர் ஒயர்மேன் இப்பவும் வேலைக்கு வர்றாரா?

தேவனாம்பட்டினம்

இல்லீங்க, வயசாயிடுச்சு. பையன் வர்றாரு, அவரும் சான்று வாங்கிட்டாரு. கேக்காமயே எடுத்துக் காட்டினாரு.

பாப்புலியூர் பையன்

சூப்பர்வைசர் அண்ணே, பாதி தப்பு என் பேர்லதான், ஒத்துக்கறேன். இப்போ தனி எர்த் போட்டாச்சு, ஆர்சிசிபியும் வெச்சாச்சு. அந்தத் தெருமுனை ஆள் போன வாரம் வழியில பாத்து, "அம்மா நல்லா இருக்காங்களா?"ன்னு கேட்டாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது, நானும் சொல்லல. நல்லா இருக்காங்கன்னேன். ஃப்ரிட்ஜ மட்டும் இன்னமும் கரித்துணியாலப் பிடிச்சுத்தான் திறக்கறாங்க.