பிரெஞ்சு கத்துக்கிட்டா இங்கிலீஷ் போயிடுமா? கேத்தி அண்ணனுக்குப் பதில்

அரவேணு:
வேலைவாய்ப்பு இழையில் கேத்தி அண்ணன் ஒரு தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார். "மான்ட்ரியால் போனவன் பிரெஞ்சு பிடிச்சா 2 வருஷத்தில் இங்கிலீஷ் கைவிட்டுப் போகும். நம்ம மலைப் பையன் ஒருத்தன் பரீட்சை எழுதினதையே 'ஐ பாஸ்ட்'னு எழுதறான், ரிசல்ட்டே வரல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?" இதைப் படிச்சு 3 பேர் பிரெஞ்சு வகுப்பை நிறுத்தலாமான்னு கேட்டிருக்காங்க. எரிச்சலா இருக்கு.

பிரெஞ்சில் 'பாஸே அன் எக்ஸமேன்'னா பரீட்சைக்கு உட்கார்றது. தேறினதுக்கு 'ரேயுஸீர்'னு தனி வினை. அந்தப் பையன் 'ஜே பாஸே', அதாவது 'உட்கார்ந்தேன்'னு மனசில் நினைச்சு, உருவத்தில் ஒட்டி நிக்கிற இங்கிலீஷ் சொல்லை எடுத்திருக்கான். ரெண்டு மொழியும் ஒரே சொல்லைப் பிடிச்சு இழுக்குது. மறந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?

கேத்தி:
தப்பு தப்புதான் தம்பி. இழுத்துச்சோ தள்ளுச்சோ, வாயில் வந்தது தப்பான இங்கிலீஷ். டொரன்டோ மேனேஜருக்கு 'ஐ பாஸ்ட் தி இன்டர்வியூ'ன்னு மெயில் போட்டா, வேலை கிடைச்சிருச்சு, ஆள் கிளம்பறான்னுதான் அவர் நினைப்பார். அவர்கிட்ட 'ரேயுஸீர்' பாடம் நடத்தப் போறீங்களா?

இது ஒண்ணோட நிக்கல. கேட்கறதுக்கு 'தெமாந்தே'. அதை அப்படியே 'ஐ டிமாண்ட் லீவ்'னு எழுதறாங்க. கூட்டத்துக்குப் போனதுக்கு 'அசிஸ்தே', அது 'ஐ அசிஸ்டட் தி மீட்டிங்'. ஒருவேளை வரலாம்னு சொல்ல 'எவான்துவெல்மான்'. அதை 'ஈவன்சுவலி'ன்னு சொன்னா, கட்டாயம் வருவான்னு எதிராளி காத்துக் கிடப்பான். அப்புறம் 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'. இத்தனைக்குப் பிறகும் போகலைன்னா, எப்பதான் போகும்?

அரவேணு:
கடைசியா எழுதினதை ஒருக்கா நீங்களே படிச்சுப் பாருங்கண்ணா. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்'! பிரெஞ்சு வாசனையே படாம, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் தினம் கேட்கிற வாக்கியம் அது. 'மூணு வருஷமா இருக்கேன்'னு தமிழ் நிகழ்காலத்தில் சொல்லுது. பிரெஞ்சும் 'தெபுய்'ங்கற 'லிருந்து' சொல்லைப் போட்டு நிகழ்காலத்தில் சொல்லுது. இங்கிலீஷ் மட்டும்தான் 'ஹேவ் பீன்', 'ஃபார்' எல்லாம் கேட்குது. அந்தத் தப்பு இங்கிருந்தே பெட்டியில் போனது. அதைப் பிரெஞ்சு தலையில் கட்டாதீங்க.

இப்ப 'பாஸே'க்கு வருவோம். அதே பையன் 'ஹி பாஸ்ட்'னு படிக்கும்போது தேறினான்னு சரியாப் புரிஞ்சுக்கறானா இல்லையா? புரிஞ்சுக்கறான். அப்ப சொல் உள்ளேதான் இருக்கு, எடுக்கிற வழியில்தான் நெரிசல். பேசறதும் எழுதறதும் முதல்ல தடுமாறும், படிக்கிறதும் கேட்கறதும் நிக்கும். எங்கேயும் நடக்கிறது இதுதான்.

கேத்தி:
கேட்டாப் புரியுது, பேச வரலன்னா, நம்ம ஊரில் அதுக்குப் பேரே போச்சுன்னுதான். 'ஐ ஹேவ் 30 இயர்ஸ்'க்கு என்ன சொல்வீங்க? தமிழில் 'எனக்கு 30 வயசு'ங்கறோம். வயசை 'வச்சிருக்கிறது' பிரெஞ்சுக்காரன்தான். இதுவும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கேட்குதா?

செண்பகனூர்:
ஊட்டிப் பக்கம் இருக்கிறவங்க பிரெஞ்சைப் பத்தி இவ்வளவு பயப்படறது ஆச்சரியம். எங்க கொடைக்கானலில் 1860-களில் பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் எழுப்பின சலேத் மாதா கோயில் இன்னும் நிக்குது. பேர் வந்தது பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்திலிருந்து. எழுத்தில் கடைசியில் ஒரு 'எ' இருக்கும், உச்சரிக்கக் கூடாது. எங்க ஊர்ப் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாமலே 'சலேத்'னு சரியா நிறுத்துவாங்க.

தமிழ் வாய்க்குப் பிரெஞ்சு இன்னொரு வகையிலும் சுலபம். 'படம்', 'மரம்'னு எழுதினாலும் பேசும்போது உதட்டை மூடறதில்லை, மூக்கில் முடிக்கிறோம். பிரெஞ்சு 'போன்' (நல்ல), 'வேன்' (திராட்சை மது) அதே மூக்கொலிதான். இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்தவன் கடைசியில் 'ன்' போட்டுக் கெடுப்பான். தமிழ்ப் பிள்ளைக்குக் கஷ்டம் 'உ'க்கும் 'இ'க்கும் நடுவில் வர்ற அந்த ஒலிதான். 'ஈ'ன்னு சொல்லிக்கிட்டே உதட்டை மட்டும் குவிச்சா 'நீ'ங்கறதுக்கான 'தூ' சரியா வரும். நாக்கு நகரக் கூடாது. நகர்ந்தா 'நீ'ங்கற சொல் 'எல்லாம்'னு மாறிடும்.

கேத்தி:
மூக்கொலி யார் கேட்டா? கொடைக்கானல்காரங்களுக்கு எதை எடுத்தாலும் கோயில்ல கொண்டுபோய் முடிக்கணும். 'ஐ பாஸ்ட்' தப்பா இல்லையா, அதைச் சொல்லுங்க.

செண்பகனூர்:
ஊட்டிக்காரங்களுக்கு எதை எடுத்தாலும் வெள்ளைக்காரன் இங்கிலீஷ்தான் அளவுகோல். அதையும் சொல்லணும்ல.

கூடலூர்வாசி:
ரெண்டு மலையும் சண்டை போடறதுக்கு முன்னால பக்கத்தில் இருக்கிறதைப் பாருங்க. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின குடும்பங்களில், அங்கே கடையிலும் சந்தையிலும் சிங்களம் பேசிப் பழகின பெரியவங்க உண்டு. இங்கே பேச ஆளில்லை. எண்ணும் நாலு வசவும்தான் மிச்சம். புது மொழி வந்து பழசைத் தள்ளல, பேச்சு நின்னதுதான் காரணம். மான்ட்ரியாலில் இங்கிலீஷ் பேச ஆளா இல்லை?

கேத்தி:
பார்த்தீங்களா, போயிடும்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

கூடலூர்வாசி:
நான் சொன்னதில் பாதியைத்தான் படிச்சிருக்கீங்க.

குன்னூர் அக்கா:
ஊட்டி மண்டியில் ஒரு படுக விவசாயி வீட்டில் படுகு, கடையில் தமிழ், குண்டல்பேட்டை லாரிக்காரர்கிட்டக் கன்னடம், கேரள வியாபாரிகிட்ட மலையாளம்னு ஒரே காலையில் நாலு மொழி மாத்தறார். எதுவும் தொலையல, ஏன்னா நாலும் தினம் ஓடுது.

கணக்கில் வர்ற குழப்பத்தை யாரும் சொல்லலியே. பிரெஞ்சில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. 2,500-ஐ அங்கே ரெண்டரைன்னு படிப்பாங்க. 100 கோடிக்கு 'மில்லியார்'. பிரெஞ்சு 'பில்லியோன்' 1 லட்சம் கோடி, இங்கிலீஷ் பில்லியனைப் போல ஆயிரம் மடங்கு. கணக்கு எழுதற வேலைக்குப் போறவங்க 'பாஸே'வை விட இதுக்குத்தான் பயப்படணும்.

அரவேணு:
அக்கா சொல்றது சரி, ஆனா கேள்வி 'பாஸே' பத்தி. 2007-ல் வந்த ஒரு ஆய்வு இருக்கு. இங்கிலீஷ் பேசறவங்களுக்குப் படம் காட்டி, ஸ்பானிஷ் பேரை 10 தடவை வரைக்கும் சொல்ல வச்சாங்க. அப்புறம் அதே பொருளோட இங்கிலீஷ் பேரை எடுக்கத் திணறினாங்க. அடக்கி வச்சது எழ நேரமாகுதுன்னு விளக்கம். 2012-ல் வேற குழு செஞ்சு பார்த்தப்ப அந்த விளைவு கிடைக்கல. கேத்தி அண்ணன் 'போயிடும்'னு அடிச்சுச் சொல்றதை ஆய்வு செஞ்சவங்களே அவ்வளவு அடிச்சுச் சொல்லல.

சந்தேகம் இருக்கிறவங்க வீட்டிலேயே சோதிக்கலாம். வீட்டுச் சாமான், காய்கறி, பரீட்சை, வாடகைன்னு 30 சொல்லை அட்டையில் படமா வரைங்க. பார்த்த 2 நொடிக்குள்ள இங்கிலீஷில் சொல்லணும். தவறினதைக் குறிச்சு வைங்க. 7 நாள் தினம் 20 நிமிஷம் இங்கிலீஷில் வாய்விட்டுப் படிச்சு, படிச்சதைப் புத்தகம் மூடித் திருப்பிச் சொல்லுங்க. எட்டாம் நாள் அதே 30 அட்டை. தவறினது குறைஞ்சிருந்தா தொலையல, தூங்கியிருக்கு. இன்னொண்ணு: ரெண்டு மொழியிலும் ஒரே முகம் காட்டற சொல்லுக்குத் தனி நோட்டு. இடப்பக்கம் 'பாஸே, உட்கார்ந்தேன்', வலப்பக்கம் 'பாஸ், தேறினேன்'. தனிச் சொல்லா எழுதினா நிக்காது, முழு வாக்கியமா எழுதணும்.

கேத்தி:
தூங்குதுன்னு சொன்னாலும் எழுப்பறதுக்கு 7 நாள் ஆகுது. இன்டர்வியூ நாளைக்குன்னா?

புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் குடியேற விண்ணப்பம் போட இருக்கிறவங்க எந்தத் தேர்வை முதல்ல எழுதணும்னு யாராவது சொல்லுங்களேன்.

குன்னூர் அக்கா:
இங்கிலீஷை முதல்ல எழுதுங்கம்மா. பிரெஞ்சை மும்முரமாப் படிக்கும்போது பேச்சு இங்கிலீஷ் தடுமாறலாம், அந்த நேரத்தில் ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் தேர்வு வேண்டாம். ரெண்டு முடிவும் 2 வருஷம்தான் செல்லும், விண்ணப்பம் போடற அன்னைக்கும் உயிரோட இருக்கணும். அதனால ரொம்ப முன்னாடியும் எழுதிடாதீங்க. கனடா ஆளெடுக்கிற புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு நாலு திறனிலும் என்சிஎல்சி (பிரெஞ்சு நிலை அளவு) 7, இங்கிலீஷில் சிஎல்பி (இங்கிலீஷ் நிலை அளவு) 5 இருந்தா கூடுதலா 50 புள்ளி. இங்கிலீஷ் 4-க்கு இறங்கினா 25-தான். டிசிஎஃப் கனடாங்கற பிரெஞ்சு தேர்வில் எழுத்துக்கும் பேச்சுக்கும் 20-க்கு 10 எடுத்தா 7-ஆம் நிலை.

அரவேணு:
கவனிங்க. சிஎல்பி 5-க்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் படிக்க 4, மத்த மூணுக்கும் 5 போதும். 'ஐ பாஸ்ட்'னு எழுதறவனும் அதைத் தாண்டுவான்.

கேத்தி:
அடிப்படைப் புள்ளியில் இங்கிலீஷுக்குத் தனிக் கணக்கு இருக்கு தம்பி, அதை ஏன் விட்டீங்க? சிஎல்பி 5-க்கும் 9-க்கும் நடுவில் எத்தனை பேர் வரிசையில் முந்திப் போறாங்கன்னு பாருங்க. '5 போதும்'னு நீங்களே இறங்கி வந்தாச்சு, இங்கிலீஷ் போகலன்னு வேற சாதிக்கறீங்க.

அரவேணு:
நான் எங்கேயும் இறங்கல. 'பாஸே'ன்னா உட்கார்றது. அதை விளக்காம 'போச்சு போச்சு'ன்னு எழுதிப் பிள்ளைங்களை வகுப்பிலிருந்து கிளப்பினது நீங்க. அந்த 3 பேருக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

செண்பகனூர்:
'எக்ஸமேன்' கடைசியில் 'ன்' வராதுங்க, மூக்கொலி. முதல் பதிவிலேயே தப்பு.

அரவேணு:
தமிழ் எழுத்தில் மூக்கொலியை வேற எப்படி எழுதறதாம்?

கேத்தி:
இவங்களே பிரெஞ்சைச் சரியா எழுதல. இதில் என் இங்கிலீஷைப் பத்திப் பேச வந்துட்டாங்க.

குன்னூர் அக்கா:
கேத்தி தம்பி, உங்க இங்கிலீஷைப் பத்தி இங்கே யாரும் பேசவே இல்லையே.