மங்கிப்போன ஹெட்லைட்டை வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்யலாமா, மாற்றித்தான் ஆகவேண்டுமா?

வைகைக்கரை (மதுரை):

அப்பாவின் கார், பெட்ரோல் ஹேட்ச்பேக். 15 வருடம் முடியப்போகிறது, ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். என்ஜின், பிரேக், டயர் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஹெட்லைட் இரண்டும்தான் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் போல ஆகிவிட்டது. வலது பக்கம் ரொம்ப மோசம், மேல் பாதி நல்ல மஞ்சள். தெருவில் நிறுத்தும்போது மதிய வெயில் அந்தப் பக்கம்தான் விழும், அதனால் இருக்குமோ? இதுபோக இரண்டிலும் ஊசியால் குத்தியது மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி. திண்டுக்கல் ரோட்டில் தினமும் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போகிற வண்டி. ராத்திரி லோ பீமில் போனால் ரோடும் சரியாகத் தெரிவதில்லை, எதிரே வருகிறவர்களும் டிம் பண்ணச் சொல்லிக் கை காட்டுகிறார்கள்.

மச்சான் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது, ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, பழையபடி ஆகிவிட்டது. கடையில் கேட்டால் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். வீடியோக்களில் ஒருவர் கொசு விரட்டி என்கிறார், இன்னொருவர் பெட்ரோல் என்கிறார், ஆன்லைனில் ஆவி பிடிக்கிற மாதிரி ஒரு கப் வேறு விற்கிறார்கள். நிஜமாகவே செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீசல் (திருச்சி):

செலவு பண்ணுவதற்கு முன்னால் ஒரு மக் தண்ணீரை லைட் மேல் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது உள்ளே இருக்கிற பல்பு, ரிஃப்ளெக்டர் எல்லாம் தெளிவாகத் தெரிந்து, காயக் காய மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பக்கத்தில்தான், தேய்த்தால் போய்விடும். தண்ணீர் ஊற்றியும் மங்கலாகவே தெரிந்தால் சீல் விட்டுப்போய் உள்ளே ஈரம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அதை வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை.

கிளாஸ் கிளாஸ் என்று சொல்கிறோமே தவிர இது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். அம்பாசிடரில் இருந்த வட்ட லைட்தான் நிஜக் கண்ணாடி, அது எத்தனை வருடமானாலும் மஞ்சளாகாது. பாலிகார்பனேட் கல் பட்டால் சட்டென்று உடையாது, ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால்தான் கம்பெனியிலேயே மேலே ஒரு கெட்டியான கோட்டிங் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்தக் கோட்டிங் சில வருடங்களில் அரிக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் பார்க்கிற மஞ்சளில் பாதிக்கு மேல் அந்தச் செத்துப்போன கோட்டிங்தான். வலது பக்கம் மோசமாக இருப்பதற்கும் நீங்கள் சொன்ன காரணமேதான்.

டூத்பேஸ்ட்டில் இருப்பது லேசாகத் தேய்த்தெடுக்கிற பொடி. மேலாக இருக்கும் அழுக்கையும் கோட்டிங்கில் கொஞ்சத்தையும் எடுக்கும், பதிலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அதனால்தான் மச்சான் வேலை நிற்கவில்லை.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசாக இருக்கும்) 600, 1000, 1500, 2000 வாங்குங்கள், 3000 கிடைத்தால் இன்னும் நல்லது. சுற்றியிருக்கிற பெயின்ட்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள், பம்பர் ஓரத்தை விட்டுவிடாதீர்கள். பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுப் பேப்பரை ஊறவைத்து, நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும், ஒரு நிமிடம்கூடக் காய விடக்கூடாது. முதலில் 600. வழிகிற தண்ணீரைக் கவனியுங்கள், ஆரம்பத்தில் மஞ்சளாக வழியும், அதுதான் பழைய கோட்டிங். அது வெறும் வெள்ளையாக மாறுகிற வரை நிறுத்தாதீர்கள். அவசரப்பட்டு அடுத்த நம்பருக்குப் போனால் கோட்டிங் அங்கங்கே தங்கிவிடும், கடைசியில் பாலிஷ் போட்ட பிறகுதான் அந்தத் திட்டு கண்ணுக்குத் தெரியும், மறுபடி 600-லிருந்து வரவேண்டும். 600-ஐ இடம் வலமாகத் தேய்த்தால் 1000-ஐ மேலும் கீழுமாகத் தேயுங்கள், முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். இந்தக் கட்டத்தில் லைட் முன்னைவிடக் கேவலமாக, ஒரே வெள்ளையாக இருக்கும், வீட்டில் திட்டுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். 2000 முடிந்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மைக்ரோஃபைபர் துணியாலோ டிரில்லில் மாட்டுகிற பஃபிங் பேடாலோ தேய்க்கும்போது தெளிந்துவிடும். டிரில்லை ஒரே இடத்தில் பிடித்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும், நகர்த்திக்கொண்டே இருங்கள்.

கொங்கு டிரைவர் (பல்லடம்):

தம்பி, இவ்வளவு பாடு எதற்கு? நான் டாக்ஸி ஓட்டுகிறவன், எஃப்.சி.க்கு முன்னால் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து வேக்ஸ் பூசிவிட்டுப் போவேன், பிரேக் இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஒன்று, தேய்ப்பதற்கு முன்னால் உள்ளே ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். வெளிச்சம் போதவில்லை என்று யாராவது 100/90 வாட்ஸ் பல்பு போட்டிருந்தால் அந்தச் சூட்டில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகி உரிந்திருக்கும், ஹோல்டரும் உருகியிருக்கும். எச்4 பல்பு என்றால் 60/55தான் கணக்கு. ரிஃப்ளெக்டர் போன லைட்டை வெளியே கண்ணாடி மாதிரி ஆக்கினாலும் ரோட்டில் வெளிச்சம் விழாது, செட் மாற்றுவதுதான் வழி.

பெயின்டர் வீட்டுப் பிள்ளை (சேலம்):

டீசல் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பாலிஷோடு நிறுத்திவிட்டார். அதோடு விட்டால் டூத்பேஸ்ட் கதைதான், இன்னும் சொல்லப்போனால் அதைவிட மோசம், ஏனென்றால் இப்போது கோட்டிங்கே இல்லாத வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நிற்கிறது. கொங்கு அண்ணன் மாதிரி வேக்ஸ் பூசலாம், அது சில வாரம் வரும், திரும்பத் திரும்பப் பூசுகிற பொறுமை இருந்தால் பரவாயில்லை. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு கட்டத்தை விட்டுவிட்டுத்தான் "தேய்த்தோம், நிற்கவில்லை" என்று வருகிறார்கள்.

நிற்க வேண்டுமானால் யு.வி. (புற ஊதாக் கதிர்) தாங்குகிற கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு மட்டும் 2000, 3000 வரை போய்ப் பளபளப்பாக்கத் தேவையில்லை, 1000-ல் நிறுத்தினால்தான் கிளியர் பிடிக்கும், மெல்லிய கீறலை அதுவே நிரப்பிவிடும். காம்பவுண்ட் பக்கமே போகாதீர்கள், அதன் எண்ணெய் ஒட்டினால் கிளியர் வட்ட வட்டமாக விலகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரலே படாமல், மெல்லியதாக இரண்டு மூன்று கோட், நடுவில் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் விட்டு அடியுங்கள். மழை மூட்டமான நாளில் அடித்தால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பால் மாதிரி வெளுத்துவிடும். நேர் வெயிலிலும் வேண்டாம், காற்றடித்துத் தூசி பறக்கிற தெருவிலும் வேண்டாம்.

ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியர்தான் உழைக்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரவைக்கும். கைக்குட்டை, கொரோனா மாஸ்க் எல்லாம் அதற்குப் பத்தாது. வீட்டில் தேய்க்கிற வேலையை முடித்துக்கொண்டு, கிளியரை மட்டும் பெயின்ட் பூத் இருக்கிற பட்டறையில் அடித்து வாங்குங்கள், தேய்ப்புக் கூலி மிச்சம்.

ஓ.எம்.ஆர். வாசி (சென்னை):

கொசு விரட்டி, பெட்ரோல், கப் மூன்றுக்கும் சேர்த்து: வேண்டாம். டீட் கலந்த கொசு விரட்டி பாலிகார்பனேட்டின் மேல்தோலைக் கரைக்கிறது, அதனால்தான் உடனே பளபளக்கிறது, கொஞ்ச நாளில் பிசுபிசுத்து இன்னும் மங்கும். பெட்ரோலும் தின்னரும் வெடிப்பு உண்டாக்கும். அந்தக் கப்பில் சூடு பண்ணுவது பெரும்பாலும் குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் வகையறா, வீட்டு போர்ட்டிகோவில் நின்று முகர்கிற சரக்கு இல்லை.

அமெரிக்காவின் மோட்டார் சங்கமான ஏஏஏ 2018-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. மங்கிய லைட் புதியதில் கால் பங்கு வெளிச்சம்கூடத் தரவில்லை. தேய்த்துச் சரிசெய்ததில் சுமார் 70 சதவீதம் திரும்பக் கிடைத்தது, ஆனால் எதிரே வருகிறவருக்குக் கூச்சம் கொஞ்சம் கூடவே இருந்தது. ஹைவேயில் ராத்திரி ஓட்டம் அதிகம் என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், இரண்டும் தெளிவாகத் தெரிகிறது, ரிஃப்ளெக்டரும் பளபளப்பாகவே இருக்கிறது. அந்தக் குழிகள் மட்டும் தண்ணீரிலும் தெரிகின்றன. 400-ல் ஆரம்பித்தால் போகுமா?

பெயின்டர் வீட்டுப் பிள்ளை:

நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் சிக்காத குழி 400-லோ 600-லோ போய்விடும், கிளியர் அடித்தால் மிச்சமும் மறையும். சிக்கினால் விட்டுவிடுங்கள். அதை எடுக்க அந்த இடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும், பள்ளம் வெளிச்சத்தைக் கோணலாக வளைக்கும், நாலு புள்ளி இருப்பதைவிட அது தொல்லை. 400 எடுத்தால் முழு லைட்டுக்கும் சமமாகத் தேய்த்து, 600, 800, 1000 என்று கீறலை இறக்கிக்கொண்டு வாருங்கள்.

கொங்கு டிரைவர்:

வேலை முடிந்ததும் பீம் அட்ஜஸ்ட் பண்ணாமல் எஃப்.சி.க்குப் போகாதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று நடுவில் யாராவது ஸ்க்ரூவைத் திருப்பி மேலே தூக்கி வைத்திருப்பார்கள், மங்கலாக இருந்தவரை தெரிந்திருக்காது, இப்போது நேராக எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டயரில் காற்று சரியாக வைத்து, சமதரையில் சுவருக்கு நேராக நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே மட்டத்தில், பல்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழவேண்டும்.